சுவரில் ஒரு கிராமம்

கேள்வி: எங்கள் பகுதி அடுக்ககங்களில் கிராமியச் சித்திரங்களை மாட்டிக்கொள்ளும் மோகம் பெருகியிருக்கிறதே, காரணம் யாதோ? (வாசகர், சேலையூர்)

பதில்: ஏரியிருந்த இடத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்க்கு, ஏரியைச் சித்திரத்திலேனும் வைத்துக் காப்பாற்றவேண்டுமென்ற தர்மசிந்தை எழுவது சகஜந்தானே! பரிகாசம் கிடக்கட்டும். 2021இல் கொரோனாவுக்குப் பலியான ஓவியர் இளையராஜா, கிராமத்துப் பெண்ணின் சேலை மடிப்பையும் அவள் முகத்தில் விழும் வெயிற்கீற்றையும் தைலவர்ணத்தில் தீட்டியிருக்கும் சூட்சுமத்தைக் கண்டோர், புகைப்படமோவென்று பிரமித்து அருகே சென்று பார்ப்பது வழக்கம். ஆயினும், தாங்கள் குறிப்பிடும் வரவேற்பறைச் சித்திரங்களில் கொசுவும் குழாயடிச் சச்சரவும் காணப்படுவதில்லை, அவை பேட்டையிலேயே தாராளமாகக் கிடைப்பதால், விலைகொடுத்து வாங்குவார் இல்லை போலும்!