வளையாத ஊர்

கேள்வி: ‘கர்வ்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இருந்துதான் நம்ம ‘கர்வம்’ வந்ததா?
– ஒரு வாசகர், குலசேகரன்பட்டினம்

பதில்: கர்வம் பிடித்தவன் வளையவே மாட்டானே, அண்ணாச்சி! கர்வம் சம்ஸ்கிருதம். ‘கர்வ்’ லத்தீன் வழி வந்தது, அங்கே ‘கர்வஸ்’ என்றால் வளைந்தது. குதிரையை அடக்கும் கடிவாளப் பட்டைக்கும், அப்புறம் கட்டுப்பாட்டுக்கும் பெயரான ‘கர்ப்’ இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. நம்ம ‘வளை’ மட்டும் இளைத்ததா? வளையல், வளைவு, வளைகுடா. சங்குக்கே வளை என்று பெயர். அதை அறுத்துத்தான் கைவளை செய்தார்கள்.

உங்க ஊருக்கு ராக்கெட் தளம் வருவதே ஒரு வளைவை ஒழிக்கத்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து துருவப் பாதைக்கு நேர் தெற்கே விட்டால் இலங்கைத் தலைக்கு மேல் பறக்கும். அதனால் கடல் பக்கம் ஒதுங்கிப் போய், நடுவில் திரும்ப வேண்டும். பொறியாளர்கள் இதை ‘நாய்க்கால்’ என்பார்கள். நாயின் பின்னங்காலைப் பாருங்கள், புரியும். அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் தண்டம், எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சின்ன ராக்கெட்டுக்குத் தாங்காது. உங்க குலசைக்குத் தெற்கே வெறும் கடல். 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டியாச்சு.

ராக்கெட் நேராகப் போகும். உங்க ஊர் தசராக் கூட்டத்தில் நீங்கள்தான் வளைந்து நெளிந்து போகணும்!