துண்டுவார மான்மியம்

செங்கல்பட்டுச் சீமையின் மிராசுதார்களை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர்கள் உண்டு. கீழ்த்தளத்தில் தான் இருந்துகொண்டு மாடியில் இரண்டு போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கும் ஹவுஸ் ஓனருக்கு அந்த மரியாதை போதிய அளவு கிடைக்கவில்லை. கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் என்று ரயில் தண்டவாளத்தை ஒட்டியும் கடலை ஒட்டியும் இரண்டுக்கும் நடுவிலும் இந்த இனம் பரவலாகக் காணப்படுகிறது. அடையாளம் எளிது. மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியேறிச் சின்டெக்ஸ் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பவர் ஓனர். அப்போது கீழே குழாயைத் திறந்துவைத்திருப்பவர் குடித்தனக்காரர்.

இவ்வினத்தின் தொன்மைக்குக் கல்வெட்டுச் சான்று இருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921 அளவில் வெட்டிய கல்வெட்டு, குடவோலைத் தேர்தலில் யார் பெயரை எழுதிப் போடலாம் என்று வகுத்தது. வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். முக்கியமாக, சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் பெயர் குடத்துக்குள் விழாது. இன்று குடித்தனக்காரருக்கும் ஓட்டு உண்டு. ஓனர்கள் இந்தச் சரிவைப் பெரிய மனத்தோடு பொறுத்துக்கொண்டு, கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவது, மாடிப்படி விளக்கை யார் அணைப்பது ஆகிய துறைகளில் மட்டும் பழைய சபையின் அதிகாரத்தைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

வாடகைப் பாக்கியின் வரலாறும் இந்த மண்ணில் கௌரவமானது. 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, சென்னையைச் சுற்றியிருந்த இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனி அதை வாங்கி, உடனே அந்த நவாப்புக்கே குத்தகைக்கு விட்டது. தான் கொடுத்த இடத்தில் தானே குடித்தனக்காரராக 1780 வரை நவாப் இருந்தார். அவருடைய கடன்கள் லண்டன் பார்லிமென்டில் விவாதிக்கப்பட்ட அளவுக்குப் புகழ் பெற்றவை. ஆகவே ‘அடுத்த வாரம் கண்டிப்பா போட்டுடுறேன் சார்’ என்று கூறும் ஐ.டி. இளைஞர் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

இத்துறையின் மூலநூல் 1818இல் சென்னையில் அச்சானது. திருக்குறளுக்கு உரை எழுதத் தொடங்கிய அதே எல்லிஸ் துரை, மிராசு உரிமை பற்றி அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எழுதிய விடை அது. நிலம் யாருடையது என்பதே கேள்வி, விடை நீளமானது. அதற்கு முந்தைய வருடம்தான் லண்டனில் பொருளியலாளர் ரிக்கார்டோ, வாடகை உழைப்புக்குக் கிடைக்கும் கூலியல்ல என்று தத்துவம் எழுதியிருந்தார். அவர் மோட்டார் ரிப்பேர் பார்த்தவரல்லர் என்பது தெளிவு. தொண்டை மண்டலத்து வழக்கம் இன்னும் நுட்பமானது. விளைச்சலில் அரசுக்குப் போவது மேல்வாரம். பயிரிட்டவருக்கு நிற்பது குடிவாரம். மிராசுதாரின் நிலத்தை வேறொருவர் பயிரிட்டால், ‘இது உங்கள் நிலம்தான்’ என்று ஒப்புக்கொள்ளும் அடையாளமாக அவருக்குக் கொடுக்கும் சிறு பங்கு துண்டுவாரம். பக்தியோடு சொல்பவர்கள் சுவாமிபோகம் என்பார்கள்.

நம் ஓனர் பெறுவதும் துண்டுவாரமே என்பது இக்கட்டுரையின் துணிபு. கணக்கு வருமாறு. கூடுவாஞ்சேரிப் பக்கம் 50 லட்சம் போட்டு ஒரு ஃபிளாட் வாங்குகிறார் என்று கொள்வோம். வாடகை 12,000, வருடத்துக்கு 1,44,000. ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 12,000 போகும். ஆள் மாறும்போது பெயின்ட் அடிக்க 25,000, மோட்டார் காயில் கட்ட 4,000, வீட்டு வரி 3,000. மிச்சம் சரியாக ஒரு லட்சம், அதாவது இரண்டு சதவீதம். அதே பணத்தை வங்கியில் ஆறரை சதவீதத்துக்குப் போட்டிருந்தால் மூன்றே கால் லட்சம் வந்திருக்கும். கடன் வாங்கிக் கட்டியவருக்கு வருடக் கடைசியில் துண்டு விழுவதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இதை ஓனரிடம் எடுத்துச் சொன்னால், ‘இடம் ஏறுது இல்ல?’ என்பார். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்த நாளிலிருந்து அவரோடு இது பற்றி வாதிட முடிவதில்லை.

அரசு இந்தத் துண்டுவாரத்தையும் கருணையோடுதான் நடத்துகிறது. வீட்டு வரி போக நிற்கும் வாடகையில் முப்பது சதவீதத்தை, செலவழித்தாலும் இல்லாவிட்டாலும், வருமான வரிச் சட்டம் கழித்துவிடுகிறது. ஆனால் குடித்தனக்காரர் சம்பளத்தில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்கும்போது, வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். இதன் விளைவாக மாதம் 8,333 ரூபாய் என்னும் எண் இப்பகுதியில் ஒருவகைப் புனிதம் அடைந்திருக்கிறது. பல ஒப்பந்தங்களில் வாடகை 8,300, மீதி ‘மெயின்டனன்ஸ்’. அது எதை மெயின்டெயின் செய்கிறது என்பது ஆய்வுக்குரியது.

குடிகளை எல்லிஸ் காலத்தார் இரண்டாகப் பிரித்தார்கள். ஊரிலேயே வேரூன்றி, வாரம் கொடுக்கும்வரை கிளப்ப முடியாதவர் உள்குடி. வெளியூரிலிருந்து வந்து, தவணை முடிந்ததும் போகிறவர் புறக்குடி. தமிழ்நாட்டு வாடகைச் சட்டங்களின் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடியதுதான். 1960ஆம் ஆண்டுச் சட்டம் குடித்தனக்காரரை ஏறத்தாழ உள்குடியாக்கியது. தாத்தா காலத்து வாடகையைக் கோர்ட்டில் கட்டிவிட்டு இருந்தவர்கள் உண்டு. 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எல்லாரையும் புறக்குடியாக்கியது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், தவணை முடிந்தால் கிளம்ப வேண்டும். ஓனருக்கு இவ்வளவு சாதகமான சட்டத்தை ஓனர்களே பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. பதிவு செய்தால் வாடகை எவ்வளவு என்று எழுத வேண்டிவரும். பதினோரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் அடித்து பீரோவில் வைப்பதோடு சட்டம் திருப்தி அடைந்துவிட்டதாக அவர்கள் கொள்கிறார்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது அதே சட்டம்; வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய என்றும் சேர்த்துச் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் வாங்கும் மாநிலத்தில் இந்த ‘ஒழிய’ செய்யும் வேலை மகத்தானது. வாங்கிய அட்வான்ஸ் பெண் கல்யாணத்திலோ அடுத்த மாடியிலோ கலந்துவிடுவதால், ஒருவர் காலி செய்ய வேண்டுமென்றால் அடுத்தவர் வர வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்றும் சட்டம் சொல்வதால், மோட்டாரைப் போடாமல் விடுவது என்னும் பழம்பெரும் ராஜதந்திரம் குற்றமாகிவிட்டது. சப் மீட்டர் மட்டும் நிலைத்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம் என்று 2016இல் அரசு அறிவித்தது. ஒற்றை இணைப்பில் மூன்று போர்ஷன் உள்ள வீடுகளில் அந்த இலவசம் மாடிப்படி ஏறியதாகத் தகவல் இல்லை.

குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுக்கும் முறை தனி சாஸ்திரம். டூ-லெட் போர்டில் ‘ஃபேமிலி மட்டும்’ என்றிருக்கும். சில தெருக்களில் ‘சைவம் மட்டும்’ என்பதும் சேரும். நேர்காணல் பின்வருமாறு நடக்கும்:

‘தம்பிக்கு எங்க வேலை?’

‘மகிந்திரா சிட்டியில சார்.’

‘நல்லது. சொந்த ஊரு எது?’

‘விழுப்புரம் பக்கம் சார்.’

‘விழுப்புரத்துல எந்தப் பக்கம்?’

கேள்வி ஊரிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து மாமா பெயருக்கும் போகும். எது தெரிய வேண்டுமோ அது தெரிந்த பிறகு, ‘வீட்ல பொண்டாட்டிகிட்ட கேட்டுச் சொல்றேன்’ என்பார் ஓனர். புவியியலில் இவ்வளவு ஆர்வம் இருப்பதற்கும் மாவட்டத்தில் வேர் உண்டு. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதிய குறிப்பு, சேரி மக்கள் குடிசை போட்டிருந்த மனைகூட மிராசுதார் பிடியில் இருந்ததையும், கூலி கேட்டால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம் என்ற மிரட்டல் எப்போதும் தலைமேல் தொங்கியதையும் பதிவு செய்தது. மனைகளை அவர்களுக்கே சொந்தமாக்க வேண்டும் என்றார் அவர். நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வீட்டைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை மாமா பெயர் முடிவு செய்கிறதென்றால், மரபைக் காப்பதில் ஓனர்கள் காட்டும் சிரத்தையைத் தொல்லியல் துறைதான் பாராட்ட வேண்டும்.

மாமல்லபுரத்துக்கு வந்தால் அதே துறை வேறு வேடத்தில் வரும். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து நூறு மீட்டருக்குள் கட்டடம் எழுப்பத் தடை. அதற்கப்பால் இருநூறு மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. ஊர் முழுக்கச் சின்னங்கள் சிதறிக் கிடப்பதால் எந்தத் திசையில் திரும்பினாலும் பல்லவன் குறுக்கே நிற்கிறான். பல்லவனிடமிருந்து தப்பினால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் கிழக்கிலிருந்து வருகிறது. சுவரில் ஓதம் ஏறினாலும் பழுது பார்க்க அனுமதி வாங்க வேண்டும், மாடியில் அறை எடுக்கவும் அனுமதி வாங்க வேண்டும். ஐந்து ரதங்களில் திரௌபதி ரதம் கூரை வீட்டைப் போலச் செதுக்கிய கல். ஆயிரத்து முந்நூறு ஆண்டாகக் கூரை மாற்றாமல் நிற்கும் வீடு. வேலை முடியாத கட்டடங்கள் அவை, நிறைவுச் சான்றிதழுக்கு இடமில்லை, எவரும் குடிவரவும் இல்லை. 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டன. குடிவைத்தால் சுவரில் ஆணி அடிப்பார்கள் என்பது பல்லவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குடிவைத்தவர் பாடு வேறு. கடல் காற்றில் கிரில் பொடியாகிறது, கான்கிரீட்டுக்குள் கம்பி துருவேறி உப்பி, சிமென்ட் பேந்து விழுகிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரை கடக்க இந்த ஊரின் பக்கத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. போர் தண்ணீரில் உப்பு. சற்று வடக்கே நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் ஓடுகிறது, 2024இல் இரண்டாவதும் வந்துவிட்டது. அந்த நல்ல தண்ணீர் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது. இவ்வளவுக்கும் ஈடாக இருப்பது டிசம்பர், ஜனவரி நாட்டிய விழா சீசன். ஒத்தவாடைத் தெருவில் மூன்று வாரத்துக்கு அறையெடுக்கும் வெளிநாட்டவரைப் பற்றி, அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குமேல் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. திண்டுக்கல் பேச்சிலருக்கு அறை இல்லை என்ற அதே ஓனர், பிரான்சிலிருந்து தனியாக வரும் பேச்சிலருக்கு ஃபேன் துடைத்துக் கொடுக்கிறார். அவர் மாமா பெயர் தேவைப்படுவதில்லை.

பலன் ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. வட்டிக் கணக்கில் வராது. பென்ஷன் இல்லாத லாரி டிரைவருக்கும், இட்லிக் கடை வைத்துச் சேர்த்துக் கட்டிய அம்மாவுக்கும் மாடிப் போர்ஷன்தான் பென்ஷன். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோது, அமெரிக்காவில் யாரோ எடுத்த முடிவு இவர்கள் மாத்திரைச் செலவில் கை வைத்தது. பிள்ளை நியூ ஜெர்சியில், கணவர் படத்தில் என்று தனியாக இருக்கும் ஓனரம்மாவுக்கு நள்ளிரவில் நெஞ்சு வலித்தால், செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு ஆட்டோ பிடிப்பவர் மாடி வீட்டுத் தம்பி. ‘வாடகையைக் குறைக்க மாட்டீங்க, ஆனா உங்களை விடவும் முடியல ஆன்ட்டி’ என்று வாசலில் உட்கார்ந்திருப்பார். வாடகைச் சட்டத்தில் இந்தச் சேவைக்குப் பிரிவு இல்லை.

மற்றவற்றுக்கு உண்டு. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வேலைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. வெள்ளையடிப்பதும் குழாய் மாற்றுவதும் வயரிங்கும் ஓனர் பொறுப்பு. டேப் வாஷர், சுவிட்ச், கதவுப் பூட்டு, சாக்கடை அடைப்பு ஆகியன குடித்தனக்காரர் பொறுப்பு. தோட்டப் பராமரிப்பும் அவருடையதே. ஆனால் தோட்டத்துத் தென்னையில் காய்ப்பது யாருக்கு என்று அட்டவணை சொல்லவில்லை. தெருவுக்குத் தெரு மனஸ்தாபத்துக்கு இதுவே மூலம் என்பதால், மிராசு நூல்களின் வழிநின்று இக்கட்டுரை தீர்ப்புக் கூறுகிறது: மரம் ஏறுபவருக்குக் கூலியாக இரண்டு காய் முதலில் எடுத்துவைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றியது குடித்தனக்காரரானால் மீதியில் பெரும்பங்கு குடிவாரமாக அவருக்கு. ஓனருக்குத் துண்டுவாரமாகக் குலைக்கு ஒரு காய், ஆடி மாதத்தில் தானாக விழும் மட்டை முழுவதும். அப்பீல் கிடையாது.