தகடூர் நாட்டில் படவகை பிரிக்கும் முறை

ஒரு கதையை எந்த வகையில் சேர்ப்பது என்னும் சிக்கல் மேலைநாட்டாரைப் பல நூற்றாண்டுகளாகத் தூங்கவிடவில்லை. அரிஸ்டாட்டில் துன்பியலுக்கு இலக்கணம் வகுத்தார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் வரும் பொலோனியஸ் கிழவர், ஊருக்கு வந்த நடிகர் குழுவுக்கு நற்சான்று கொடுக்கப்போய், துன்பியல், இன்பியல், வரலாறு, ஆயர் நாடகம் என்று தொடங்கி, பிறகு இவற்றை இரண்டிரண்டாகவும் கடைசியில் நான்கையும் ஒன்றாகவும் ஒட்டவைத்து அடுக்கிக்கொண்டே போவார். இன்றைய ஓடிடி தளங்கள் செய்வதும் அதே வேலைதான். தருமபுரி மாவட்டத்தில் இந்தச் சிக்கல் எப்போதோ தீர்ந்துவிட்டது என்பதும், ஆய்வுலகம் தொப்பூர்க் கணவாயைத் தாண்டி வராததால் அதை அறியவில்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

மேலையார் கேட்கும் கேள்வி, படம் எதைப் பற்றியது என்பது. பென்னாகரத்திலோ அரூரிலோ தியேட்டரிலிருந்து வெளியே வருகிறவரை நிறுத்தி யாரும் அப்படிக் கேட்பதில்லை. “சண்டை இருக்கா?” என்பார்கள். “குடும்பத்தோட போலாமாண்ணா?” என்பார்கள். ஆக, பார்க்கிறவருக்கு அது என்ன செய்யும், யாரோடு போனால் செய்யும் என்பதே இங்கே வகைப்பாட்டின் அடிப்படை. இதைப் ‘பயன்வழி வகைமை’ என்று இனி வழங்குவோம். ஆய்வுக் கட்டுரை என்றால் ஒரு கலைச்சொல்லாவது புதிதாக இருக்க வேண்டும்.

இம்மரபின் தொன்மைக்குச் சான்று நடுகற்கள். பழைய தகடூரான தருமபுரியிலும் அதை ஒட்டிய செங்கம் பகுதியிலும் பல்லவர் காலம் தொட்டுக் கற்கள் நிற்கின்றன. இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. அறிஞர்கள் அதை எழுத்து வளர்ச்சிக்காகப் படித்தார்கள், அரசர் ஆட்சியாண்டுக்காகப் படித்தார்கள். கதைச்சுருக்கத் தொகுப்பாக ஒருவரும் படிக்கவில்லை. எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர் மாடு, மீட்டானா, பட்டானா: இவ்வளவுதான் கல்வெட்டு. ஒரு தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போகும் உதவி இயக்குநர் இந்தச் சிக்கனத்தைக் கற்றால் பாதி வாழ்க்கை மிச்சமாகும்.

மாட்டைக் கவர்ந்தவன் கதை வெட்சி, மீட்டவன் கதை கரந்தை. சண்டைப் படம் என்னும் பெருவகையின் இரு பிரிவுகள் அப்போதே பெயர் பெற்றுவிட்டன. வெட்சியில் நாயகன் திருடன், கரந்தையில் நாயகன் காவலன். இன்றைய தாதா படத்துக்கும் போலீஸ் படத்துக்கும் இதைவிடத் தெளிவான எல்லைக்கோடு எவரும் போட்டதில்லை. உட்பிரிவுகளும் குறைவில்லை. புலியோடு பொருது பட்டவனுக்குத் தனிக் கல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லொன்று, எசமானன் பட்ட பிறகும் கள்ளர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே கல் இருக்கிறது. 2011இல் ‘ஆடுகளம்’ வந்தபோது சேவல் சண்டையைப் புதிய களம் என்றார்கள். இப்பக்கத்து ஆய்வாளர்கள் புன்னகைத்திருக்க வேண்டும்.

கல்லிலிருந்து கூத்துக்கு வருவோம். நமது கோட்பாடு முழு உருவம் பெறுவது இங்கேதான். திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதக்கூத்து இரவிரவாக நடக்கிறது. மூலக்கதை ஒன்றுதான், பாரதம். ஆனால் ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு வகை. கர்ண மோட்சம் அழுவதற்கு. இன்ன இடத்தில் அழ வேண்டும் என்பது தெரிந்தே பாயும் போர்வையுமாக வருகிறார்கள். தெரிந்திருப்பதால் கண்ணீர் குறைவதில்லை, சரியான நேரத்துக்கு வருகிறது, அவ்வளவே. கதையை முன்கூட்டிச் சொல்வதைக் குற்றமாகக் கருதும் இன்றைய ரசிகர்கள் இதைச் சற்று ஆராயலாம். துரியோதனன் படுகளம் பகலில் நடப்பது. தரையில் மண்ணால் பேருருவம் கிடக்கும், பீமன் தொடையில் அடிப்பான், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். பழிவாங்கும் படம் என்னும் வகைக்கு இதற்கு மேல் இறுதிக் காட்சி எழுத முடியாது.

அர்ச்சுனன் தபசு இவற்றினும் வேறானது. நடிகர் உயர்ந்த தபசு மரத்தில் ஏறிப் பாடிக்கொண்டே மேலிருந்து எறியும் பழத்துக்காகக் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். விராட பர்வமோ மழைக்கு. வானம் பொய்த்தால் அதைப் படிக்க வைப்பது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். களியும் கேழ்வரகுமாக மானாவாரி நிலத்தை நம்பி வாழ்ந்த மாவட்டத்துக்கு இது பொழுதுபோக்கன்று. மழை வேண்டுமா, பிள்ளை வேண்டுமா, அழ வேண்டுமா, பழி தீர்க்க வேண்டுமா என்று பார்த்துக் கதையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சமூகத்திடம் போய் திரில்லரா டிராமாவா என்று கேட்பது பண்பாகாது.

திரைக்காலத்தில் இம்மரபுக்கு உரம் போட்டது சேலம். 1965 அக்டோபர் 2 அன்று தனி மாவட்டம் ஆகும்வரை தருமபுரியும் சேலம் மாவட்டம்தான் என்பதால், அதன் பெருமையில் பாதியை உரிமையோடு எடுத்துக்கொள்கிறோம். டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் செய்து பார்க்காத வகை குறைவு. 1940இல் ‘உத்தம புத்திர’னில் பி. யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ முழுநீள வண்ணப்படம். இடையில் 1952இல் அமெரிக்கரோடு கூட்டுச் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்றொரு படம். அதில் நம் யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி, பனிக்கால மாமூத்துகளாக நடிக்க வைத்தார்கள். இந்தத் தென்னிந்திய வெயிலில் கம்பளி போர்த்திய யானை என்பது எந்த வகைமைக்கும் அடங்காது. அந்த யானைகளின் கருத்து பதிவாகவில்லை.

மாடர்ன் தியேட்டர்ஸின் துப்பறியும் படங்கள் ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டாக்கின. இயக்குநர் கர்ணன் ‘காலம் வெல்லும்’, ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ ஆகிய படங்களில் குதிரையும் தொப்பியும் துப்பாக்கியுமாகத் தமிழ்க் கௌபாய்களை உலவவிட்டார். வெட்சி வீரனுக்குத் தொப்பி வைத்தால் கௌபாய். அமெரிக்கர்கள் இதைக் கண்டுபிடிக்க ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு தாமதமாகிவிட்டது. சாண்டோ சின்னப்பா தேவர் வழியில் யானைக்கு ‘நல்ல நேரம்’, பாம்புக்கு ‘வெள்ளிக்கிழமை விரதம்’, ஆட்டுக்கு ‘ஆட்டுக்கார அலமேலு’ என்று விலங்குவாரியாகவே வகை பிரிந்தது. கோவிவனின் வழித்தோன்றல்கள் என்று இவற்றை ஐயமின்றிச் சேர்க்கலாம்.

படங்களைவிட நாவல்களின் இலக்கணம் எளிது. அது பேருந்தால் தீர்மானிக்கப்படுவது. தருமபுரி பேருந்து நிலையத்தில் ராஜேஷ்குமார் கிரைம் நாவல் ஒன்றை வாங்கிக்கொண்டு சேலத்துக்கு ஏறுகிறவருக்கு, தொப்பூர்க் கணவாய் வருவதற்குள் முதல் பிணம் விழுந்தாக வேண்டும். கணவாயில் வண்டி மெதுவாகப் போகையில் சந்தேகம் நாலு பேர் மேல் பரவ வேண்டும். ஓமலூர் தாண்டியதும் விலங்கு மாட்டிவிட வேண்டும். ரமணிசந்திரன் நாவல்கள் இக்கணக்கில் வரமாட்டா. அவை இறங்கிய பிறகு வீட்டில் கைமாறுபவை, பக்கத்து வீட்டிலிருந்து திரும்பாதவை. இந்திரா சௌந்தர்ராஜனைக் கடைசிப் பேருந்தில் படிப்பதைப் பற்றி இருவேறு கருத்து உண்டு.

அரசும் தன் பங்குக்கு வகை பிரித்தது. படத்துக்குத் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று 2006இல் ஆணை வந்தது. 2011இல் ‘யு’ சான்றிதழும் இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். உடனே வெட்டுக்குத்துப் படங்களெல்லாம் குடும்பப் படங்கள் ஆயின. 2024 நவம்பரில் தணிக்கை வாரியம் ‘யுஏ’வை ஏழு, பதின்மூன்று, பதினாறு வயது என்று மூன்றாக உடைத்தது. காரிமங்கலத்திலிருந்து பாட்டி, பேரன், கைக்குழந்தை சகிதம் ஒரே ஆட்டோவில் வந்திறங்கும் குடும்பத்தை எந்த வயதில் சேர்ப்பார்கள் என்பதை வாரியம்தான் விளக்க வேண்டும்.

பயன்வழி வகைமைக்கு அடங்காத ஒரே படம் ‘கேப்டன் பிரபாகரன்’. 1991இல் வந்தபோது வெளியூர்களில் அது சண்டைப் படம். காட்டோரத்துக்காரர்களுக்கோ, அதன் வில்லனின் மூலவடிவமான வீரப்பன் அப்போதும் பக்கத்துக் காட்டில் நடமாடிக்கொண்டிருந்தார். அது அவர்களுக்குச் செய்திப்படமா, எச்சரிக்கையா, வம்பா என்று எந்த இலக்கணியும் சொல்லத் துணியவில்லை. திரையில் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்த கதை, 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே முடிய மேலும் பதின்மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

எஞ்சியிருப்பது பேய்க் காமெடி. ‘முனி’, ‘காஞ்சனா’ வரிசைக்குப் பின் பெருகிய இவ்வகையைக் கலப்பினம் என்று சிலர் பழிக்கிறார்கள். பயத்துக்கு வந்தவனைச் சிரிக்க வைப்பது இலக்கணப் பிழையாம். பாரதக்கூத்தின் அரவான் களபலி இரவில், காளிக்குத் தலை கொடுக்கப் பிள்ளை தயாராக நிற்கும்போது, கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே வந்து அரவானிடம் வேறு எதைப் பற்றியோ வம்பளப்பதை இவர்கள் பார்த்ததில்லை போலும். கூட்டம் சிரிக்கும், அடுத்த பாட்டுக்கு அழும், அதற்குள் தூங்கிப்போன பிள்ளையைத் தட்டி எழுப்பி “தலை வெட்டப் போறாங்க பாரு” என்று காட்டும். எனவே பேய்க் காமெடியைத் தூய இனமாகவே பட்டியலில் சேர்க்கிறோம்.