செக்கின் பின்பக்கம்

அமெரிக்காவில் க்ரீன் கார்டுக்கு விண்ணப்பிப்பது அந்தக் காலத்தில் சுத்தமான கைத்தொழில். 2007 ஜூலையில் எங்கள் அபார்ட்மென்டில் பாதிப் பேர் அதில் இறங்கினோம். யாருடைய முறை வந்தது என்று சொல்லும் அந்த மாத விசா புல்லட்டின், வேலைவழி விண்ணப்பங்களுக்குக் கதவை அகலத் திறந்தது. ஜூலை 2ஆம் தேதியே சாத்தியது. இந்தியர்கள் கொடி பிடிப்பதோடு நிற்கவில்லை. ‘லகே ரஹோ முன்னா பாய்’ படத்தின் காந்திகிரியைப் பார்த்த தெம்பில், குடிவரவுத் துறை இயக்குநருக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்து அனுப்பினார்கள். அவர் அத்தனையையும் காயம்பட்ட ராணுவ வீரர்கள் இருந்த மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிட்டார். ஜூலை 17 அன்று கதவு மறுபடி திறந்தது. ஆகஸ்ட் 17 வரை, பழைய கட்டணத்திலேயே போடலாம் என்றார்கள். தேதியைப் பாருங்கள், அசல் ஆடித் தள்ளுபடி! கைரேகைக்கும் சேர்த்து 395 டாலர். ஜூலை 30 முதல் வந்த புதிய விலை 1,010.

சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. டாக்டர் ஒட்டிக் கொடுத்த மருத்துவப் பரிசோதனை உறை, போட்டோவின் பின்னால் பென்சிலில் பெயர், ஊரில் பெரியப்பா நோட்டரி முன் கையெழுத்திட்ட பிறப்பு அபிடவிட். நடுவில் செக் புத்தகம். ஒவ்வொரு படிவத்துக்கும் தனிச் செக், ‘யு.எஸ். டிபார்ட்மென்ட் ஆஃப் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி’ என்று அந்தச் சின்னக் கோட்டுக்குள் முழுசாக எழுதவேண்டும், சுருக்கக்கூடாது.

தபாலில் சேர்த்த பிறகுதான் உண்மையான வேலை. விடிந்ததும் வங்கியின் இணையதளம். செக் மாறிவிட்டதா? மாறியிருந்தால் அதன் படத்தைப் பின்பக்கம் திருப்பி, பெரிதாக்கிப் பார்ப்போம். மங்கலாக ஒரு ரசீது எண் அடித்திருக்கும். எல்.ஐ.என். என்றால் நெப்ராஸ்கா, எஸ்.ஆர்.சி. என்றால் டெக்சஸ். கணக்கில் பணம் குறைந்ததற்கு ஊரே கைகுலுக்கியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்று செக்கும் இல்லை, பின்பக்கமும் இல்லை. 2025 அக்டோபர் 28க்குப் பிறகு காகிதச் செக், மணி ஆர்டர் பொதுவாகச் செல்லாது. கார்டு, இல்லாவிட்டால் வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பிடித்தம். அலுவலகத் தம்பி ஒருவர் நவம்பரில் போட்டார். கார்டு விவரம் எழுதிய தாள் கட்டின் உச்சியில். விண்ணப்பம் வாங்கும் லாக்பாக்ஸ் அலுவலகத்தில் கட்டைப் பிரித்ததும் பார்ப்பது கையெழுத்து, படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்புத் தேதி, கட்டணம். ஒன்று பிசகினாலும் மொத்தக் கட்டும் வீட்டுக்குத் திரும்பி வரும். வந்த நாளும் கணக்கில் ஏறாது. கார்டு மறுத்துவிட்டாலும் அதே கதிதான். அதனால் தம்பி முன்கூட்டியே கார்டு வரம்பை ஏற்றிவைத்து, ‘இந்தச் செலவைச் செய்வது நீங்கள்தானா?’ என்று வங்கி குறுஞ்செய்தி கேட்டால் ‘ஆம்’ போட இரவும் பகலும் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

விலையும் வளர்ந்திருக்கிறது. 2007இல் கட்டணத்தை ஏற்றியபோது, வேலை அனுமதியையும் பயண அனுமதியையும் அதற்குள்ளேயே சேர்த்துக் கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணத்தை 1,440 டாலராக்கி, அவற்றை வெளியே எடுத்தார்கள்: வேலைக்கு 260, பயணத்துக்கு 630. எல்லாம் தலைக்கு.

பணம் வாங்கும் வாசல் இப்படி மின்னல் வேகம் பிடித்திருக்க, உள்ளே வரிசை பழையபடிதான். எந்த நாட்டுக்கும் ஆண்டுக்கு மொத்த க்ரீன் கார்டுகளில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற 1990ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது. தம்பி வரிசையில் இடம் பிடித்த தேதி 2013 அக்டோபர். கட்டைக் கொடுக்க அது போதுமானதாக இருந்தது. கார்டு கைக்கு வருவதற்கான, இபி-2 என்ற வேலைவழிப் பிரிவின் இந்திய வரிசையோ, 2025 அக்டோபர் புல்லட்டினில் 2013 ஏப்ரலில் நின்றது.

“பணம் எடுத்துட்டாங்களா தம்பி?”

“உடனே எடுத்துட்டாங்கண்ணா. ரசீது எண்ணும் போனுக்கே வந்துடுச்சு.”

“கார்டு?”

“எந்தக் கார்டுண்ணா? கிரெடிட் கார்டுன்னா காலாவதி ஆகறதுக்கு முன்னாடியே புதுசு அனுப்பிடுவாங்க.”