கேட்லாக் தச்சர்

இரும்பை அறுக்கிறவர்கள், கடைகிறவர்கள், துளையிடுகிறவர்கள், இட்ட துளை சரிதானா என்று அளக்கிறவர்கள், அளந்தவர் சரியாக அளந்தாரா என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் என்று பலதரப்பட்ட ஜனங்கள் மூன்று ஷிப்டிலும் நடமாடும் ஊர் ஓசூர் என்பது, சிப்காட் பஸ் நிறுத்தத்தில் அரைமணி நேரம் நின்ற எவருக்கும் விளங்கும். 1980-ஆம் ஆண்டு வாக்கில் லேலண்டு லாரியும் டி.வி.எஸ். மொபெட்டும், அதற்குச் சில வருஷங்கள் கழித்து டைட்டன் கடிகாரமும் இங்கே உற்பத்தியாகத் தொடங்கிய பிறகு, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் சமரசமாக வாழ்ந்துவந்த இந்த எல்லைச் சீமையில் நான்காவது பாஷையாக மில்லிமீட்டர் குடியேறிவிட்டது. இந்த ஜனசமூகத்தின் நடுவே, பகலெல்லாம் இரும்போடு மல்லாடிவிட்டு இராத்திரி எட்டு மணிக்குமேல் மரவேலை சம்பந்தமான அச்சுக் காகிதத்தோடு ஏகாந்தமாகச் சல்லாபிக்கும் ஒரு ரகத்தார் உண்டு. மரவேலைப் பத்திரிகைகளும் ஆயுத விலைப்பட்டியல்களுமே இவர்களுடைய நித்திய பாராயணம். மரத்தைத் தொடுவதில்லையா என்று கேட்பவர்கள் இவர்களைப் புரிந்துகொள்ளாதவர்கள்.

இந்த ரகத்தில் உத்தமமான ஒருவர் எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கிறார். ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் மேற்பார்வையாளர். இராத்திரிச் சாப்பாடு ஆனதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சீவிய பென்சில் ஒன்றும் நீளக் கணக்கு நோட்டு ஒன்றும் சகிதமாக நாற்காலியில் சாய்ந்து, கனடா தேசத்து லீ வேலி கம்பெனியின் கேட்லாக்கைப் பிரிப்பார். ஒட்டாவா நகரில் 1978-இல் லெனார்டு லீ என்பவர் தொடங்கிய அந்த வியாபாரம் தபால் வழியாகவே வளர்ந்தது. ஆகையால் அதன் பட்டியலில் ஒரு சாதாரண வரைகோலுக்குக்கூட அதன் குணாதிசயங்களை விஸ்தரித்து ஒரு பத்தி எழுதியிருப்பார்கள். நம்மவர் அந்தப் பத்தியை இருமுறை வாசித்து, விலையைக் கனடா டாலரிலிருந்து ரூபாய்க்கு மாற்றி, கப்பல் கூலி சேர்த்து, சுங்க வரி சேர்த்து, வந்த மொத்தத்தின் கீழே இரட்டைக் கோடு போட்டு, அந்தத் தொகையை நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'வாங்காததால் மிச்சம்' என்ற தலைப்பின்கீழ் பதிந்துகொள்வார். வருஷக்கணக்காக ஏறிக்கொண்டே வரும் அந்த மிச்சத்தின் கூட்டுத்தொகையைக் கண்ட அவருடைய மனைவி, "ஏங்க, அதுல கொஞ்சம் எடுத்து எனக்கு ஒரு மிக்ஸி வாங்கிக் குடுங்களேன்" என்று கேட்டதும், அவர் அந்தப் பக்கத்தை ஸ்டேப்பிள் பண்ணிவிட்டதும் தெருவறிந்த விஷயங்கள்.

பத்திரிகைகளைப் பெங்களூர் அவென்யூ ரோட்டிலும் சர்ச் தெருவிலும் உள்ள பழைய புத்தகக் கடைகளில் சேகரிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி, அத்திப்பள்ளியைத் தாண்டியதும் அவர் முகத்தில் ஒரு தேஜஸ் வந்துவிடும் என்று கூடப் போனவர்கள் சொல்கிறார்கள். லண்டனில் 1901-இல் பிறந்த 'தி உட்வொர்க்கர்' பத்திரிகையில், 1939 முதல் 1967 வரை ஆசிரியராக இருந்துகொண்டு தாமே படங்களையும் வரைந்த சார்லஸ் ஹேவர்டின் காலத்து இதழ்களுக்கு அலமாரியில் முதல் தட்டு. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் உதயமான 'ஃபைன் உட்வொர்க்கிங்'குக்கு இரண்டாம் தட்டு. அதிலும் கறுப்பு வெள்ளையில் வந்த ஆரம்ப இதழ்களைத்தான் மெய்யான இதழ்கள் என்று மதிக்கிறார். வர்ணம் வந்த பிறகு மரத்தின் ரேகையைக் கண்ணே பார்த்துவிடுகிறதாம். மனசுக்கு வேலை இல்லையாம். 1979-இல் தொடங்கி நெடுங்காலம் விளம்பரமே வாங்காமல் விரதம் காத்த 'உட்ஸ்மித்' பத்திரிகையை மாத்திரம் அவர் உள்ளூர மன்னிக்கவில்லை. விளம்பரம் இல்லாத மரவேலைப் பத்திரிகை பட்சணம் இல்லாத கல்யாணம் என்பது அவர் அபிப்பிராயம். இப்போது கைபேசியில் மரவேலைப் படங்கள் ஏராளமாக வருகின்றனவே என்று யாராவது சொன்னால், "அதுல நிஜமாவே வேலை செய்யறாங்க சார், ஒரே சத்தம்" என்று முகத்தைச் சுளிப்பார்.

இதைப் பரிகாசத்துக்குரிய சோம்பல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் பகலில் கையாளும் ஆயுதங்களை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். ஸ்டோரிலிருந்து எடுக்க ஒரு டோக்கன். வெளியே கொண்டுபோக ஒரு கேட் பாஸ். அடுத்த கேலிபிரேஷன் எந்தத் தேதி என்று முதுகில் ஒரு ஸ்டிக்கர். இவ்வளவுக்கும் மேலாக, அதைக்கொண்டு ஒரு ஷிப்டில் இத்தனை உருப்படி என்ற டார்கெட். முப்பது வருஷம் இப்படிக் கழித்த ஒரு மனிதருக்கு, ஸ்டிக்கர் ஒட்டாத ஓர் உளியை, அவசரமே இல்லாத ஓர் அரத்தை, எவனும் கணக்குக் கேட்காத ஒரு ரம்பத்தைப் பளபளப்பான காகிதத்தில் பார்க்கும்போது உண்டாகும் சாந்தியை, ஆபீஸ் நாற்காலிக்காரர்களாகிய நாம் அளவிட முடியாது. ஆயுதத்தை வாங்கிவிட்டாலோ, நாளைக்கே அதைக்கொண்டு ஒரு ஸ்டூல் செய்தாக வேண்டும். ஸ்டூல் என்றால் அதற்கும் ஒரு தேதி. வீட்டிலேயே ஒரு டார்கெட்!

இழைப்புளிகளில்தான் அவருக்குப் பாண்டித்தியம் அதிகம். லெனார்டு பெய்லியின் இழைப்புளி உரிமைகளை 1869-இல் ஸ்டான்லி கம்பெனி விலைக்கு வாங்கியதிலிருந்து தொடங்கி, ஒன்றாம் நம்பர் முதல் எட்டாம் நம்பர் வரையிலான வம்சாவளியை மூச்சுவிடாமல் சொல்வார். ஒன்றாம் நம்பர் ஐந்தரை அங்குல நீளமே உள்ளது, வேலைக்கு அவ்வளவாக உதவாதது, ஆகவே சேகரிப்பவர்களிடையே அதற்குத்தான் கிராக்கி என்பதை அவர் சொல்லும் பரவசமே தனி. சொந்தமாக அவரிடம் இருப்பது லூதியானாவில் வார்த்த ஒரு நாலாம் நம்பர். வாங்கிய வாரமே அதைக் கடைசலுக்கும் சோதனைக்கும் பேர்போன தம் டூல் ரூமுக்கு எடுத்துப்போய், கருங்கல் சர்ஃபேஸ் பிளேட்டின்மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்து, எங்கெங்கே எவ்வளவு பள்ளம் என்று படம் போட்டு அறிக்கை எழுதினார். அறிக்கை ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. இழைப்புளி எண்ணெய் தடவிய துணிக்குள் இருக்கிறது.

மரமும் வாங்காமல் இல்லை. போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் கிழமரம் ஒன்றை வெட்டியபோது, இரண்டங்குலக் கனத்தில் ஒரு பலகையைக் கேட்டு வாங்கி, டெம்போவில் ஏற்றி வந்தார். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்ற விதியைப் பத்திரிகைகள் ஏகமனதாக விதிப்பதால், இரண்டு வருஷத்துக்கு அவரை யாரும் கேள்வி கேட்க முடியவில்லை. பலகை கட்டிலுக்கடியில் சயனித்தது. கெடு முடிந்து ஒருநாள் வெளியே இழுத்தபோது, தரையில் மாவு சலித்துக் கொட்டினாற்போன்ற நயமான மரத்தூள். மாமரத்தில் வண்டு சுலபமாக விழும் என்ற சங்கதியும் ஹேவர்டு தட்டுக்குப் பக்கத்திலேயே எங்கோ அச்சாகியிருக்க வேண்டும். அந்த வீட்டில் இதுநாள்வரை உண்டான மரத்தூள் முழுவதும் அந்த வண்டின் உழைப்பினால் உண்டானதே.

அவருக்கு ஒரு க்ஷேத்திரமும் உண்டு; அது புதுச்சேரி. ஜப்பானிய வம்சத்து அமெரிக்கரான ஜார்ஜ் நாகஷிமா, பிற்காலத்தில் மரச்சாமான் சிற்பி என்று உலகப் பிரசித்தி பெறுவதற்கு வெகு முன்பே, 1937-இல் அங்கே வந்து, அரவிந்தாசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டட வேலையை மேற்பார்வை செய்ததோடு அதற்கு மேஜை நாற்காலிகளையும் வடிவமைத்தார். ஆசிரமத்தில் அவருக்குச் சுந்தரானந்தர் என்று நாமகரணம். "இஞ்சினீயரிங் ஆளுங்க மரத்துக்கு வந்தா எப்படி ஆவாங்க பாருங்க" என்று நம்மவர் இந்தக் கதையை முடிக்கும்போது, நாகஷிமா கட்டடக் கலைஞரேயன்றி டூல் ரூம்காரரல்ல என்று குறுக்கிட எனக்குத் தைரியம் வந்ததில்லை.

போன ஐப்பசி மழையில் அவர் வீட்டுப் பின்கட்டுக் கதவு ஊதிக்கொண்டு சாத்த மறுத்தது. ஆசாரி வந்தார். வந்தவர் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "அரை நூல் எடுத்தாப் போதும் சார்" என்றார். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம். நம்மவர் உடனே வெர்னியரை எடுத்துவந்து, அரை நூலுக்கு 1.5875 மில்லிமீட்டர் என்று அறிவித்து, கதவை மூன்று இடத்தில் அளந்து, 1.42 எடுத்தாலே போதும் என்று தீர்ப்புச் சொன்னார்.

"மழை விட்டா அதுவே குறைஞ்சுக்கும் சார்" என்றார் ஆசாரி, இழைத்துக்கொண்டே. சுருள்சுருளாகச் சீவல் விழுந்தது. கதவு சாத்தியது. இவ்வளவும் நடக்க ஒரு டம்ளர் காப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

காப்பி குடிக்கும்போது ஆசாரி தம் பையிலிருந்த ஃபெவிகால் புத்தகத்தை எடுத்து வைத்தார். பீரோ, கட்டில், டி.வி. அலமாரி என்று படங்களே நிறைந்த அந்தப் புத்தகம் தச்சர்களின் பையில் சாதாரணமாகக் காணப்படுவது; வீட்டுக்காரர்கள் படத்தைத் தொட்டுக்காட்டி 'இதுபோல' என்பார்கள், மைகாவின் வர்ணத்தை மாற்றி ஆசாரி செய்து கொடுப்பார், பேச்சு அத்துடன் முடிந்தது. நம்மவர் அதைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் தம் கனடாப் பட்டியலைக் கொண்டுவந்து பிரித்தார். ஆசாரி ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தையும் விடாமல் நிதானமாகப் புரட்டினார். பித்தளைப் பிடி போட்ட ஒரு வரைகோலில் விரலை வைத்து, "இது எவ்வளவு சார்?" என்றார். நம்மவர் ரூபாயில் சொன்னார். ஆசாரி இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார்.

"அந்த ஊர்ல தச்சுக் கூலி எவ்வளவு சார்?"

அது எந்தப் பட்டியலிலும் இல்லை. நம்மவர் முதல் பக்கத்திலிருந்து அட்டை வரை தேடினார்.

அவருடைய வருஷத்தில் தர்மசங்கடமான தினம் ஒன்றே ஒன்று. நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் ஓசூர் முழுவதும், லேத் முதல் லாரி வரை, சந்தனமும் குங்குமமும் மாலையுமாக நிற்கும். அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பது அவருக்கு ஒரு கஷ்டமே அல்ல. ஆனால் அதே நாள் சரஸ்வதி பூஜை, பூஜையில் வைத்த புத்தகத்தைப் படிக்கக்கூடாது. கேட்லாக் என்பது ஆயுதக் கணக்கில் சேருமா, புத்தகக் கணக்கில் சேருமா? ஆயுதக் கணக்குதான், ஆகவே படிக்கலாம் என்று அவர் வாதித்தார். படமெல்லாம் ஆயுதம், காகிதமெல்லாம் புத்தகம், அதனால் இரண்டு கணக்கிலும் வைத்தாக வேண்டும் என்று மனைவி தீர்ப்பளித்து, அவர் கையிலிருந்ததை அப்படியே விரித்தபடி வாங்கி, லூதியானா இழைப்புளிக்குப் பக்கத்தில் வைத்து, தாராளமாகக் குங்குமம் இட்டுவிட்டார். விஜயதசமிக் காலையில் ஸ்நானம் செய்துவிட்டு அவர் ஆவலோடு எடுத்துப் பார்த்தபோது, ஈரக் குங்குமம் ஒரு முழுப் பத்தியின் விலைகளை அழித்திருந்தது. விலை தெரியாமல் 'வாங்காததால் மிச்சம்' எழுத முடியாதல்லவா? அன்று மத்தியானமே ஒட்டாவாவுக்கு இன்னொரு பிரதி கேட்டுக் கடிதம் போட்டார்.