ஓட்டையோடு வந்த தொட்டி

பாறசாலைப் பக்கம் பழைய மீன்தொட்டி வாங்குபவருக்குச் சில சமயம் மூலையில் ஒரு கண்ணாடி அறையும் இலவசமாக வந்துவிடும். மேலே சீப்புப்பல் வெட்டிய தடுப்பு, அடியில் கட்டைவிரல் நுழையும் துளை. மிஞ்சிய நீர் அதில் விழுந்து, கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டிக்குப் போகவேண்டும். விற்றவர் அந்தக் கீழ்த்தொட்டியை மட்டும் தந்திருக்க மாட்டார். நாலு கப்பி வளர்க்க இத்தனை பொறியியலா?

துளையை அடைத்துவிடலாம். பழைய சிலிக்கானை பிளேடால் சுத்தமாகச் சுரண்டவேண்டும். அதன்மேல் புதியது சரியாக ஒட்டாது. துளையைவிடப் பெரிய கண்ணாடித் துண்டை உள்பக்கம் ஒட்டினால் தண்ணீரே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். புதிய சிலிக்கானின் காடி நெடி அடங்கும்வரை மீனுக்கு அனுமதியில்லை. "சிமென்ட் பூசினா போதும் சேட்டா" என்பவர் வீட்டில் தொட்டி இருக்காது.

இருந்தாலும், வெளிப்போக்கை அடைப்பதில் இந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். 1956இல் மாநில எல்லை பிரிந்தபோது பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது, பக்கத்து விளவங்கோடு தாலுகா இன்றைய தமிழ்நாட்டுக்கு வந்தது. நெய்யாறு இடதுகரைக் கால்வாய் எல்லை தாண்டி விளவங்கோட்டு வயல்களுக்கும் பாய்ந்தது. 2004இல் கேரளம் அதை நிறுத்தியது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. அங்கே பூசிய சிலிக்கான் மட்டும் என்ன பிராண்டோ, பிசகவே இல்லை.