சும்மா பார்க்க வந்தவருக்காக ஒரு விண்ணப்பம்

பெறுநர்: சுற்றுலாத் துறை, தமிழ்நாடு அரசு.
பொருள்: தனியார் கூடார முகாம்களைச் ‘சும்மா பார்க்க’ வருவோரின் உரிமைகள் – அரசாணை வேண்டி.

ஐயா,

கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் பக்கம் போகிற ஒருவர், சாலையோரம் நாலு டென்ட் தெரிந்ததும் காரை ஓரங்கட்டுகிறார். முன்பதிவு இல்லை. தங்கும் எண்ணமும் இல்லை. “சும்மா பாத்துட்டுப் போறோம்” என்கிறார். அதற்கும் கேட்டைத் திறக்காத முகாம்கள் இருப்பது துறையின் கவனத்துக்கு வந்திருக்காது.

முதல் இடைஞ்சல், சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு, ஆள் குடியிருக்கும் கட்டடத்தோடு கூடாரத்தையும் சேர்த்துத்தான் வீட்டுக்குள் அத்துமீறுவதைப் பேசுகிறது. அதற்கு முன்பிருந்த 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்திலும் அப்படியே. குற்றம் செய்யவோ, உள்ளே இருப்பவரை அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ எண்ணம் இருந்தால் ஓராண்டு வரை சிறை. நம்மவருக்கு எந்த எண்ணமும் கிடையாது. ஒரு டென்ட்டின் ஜிப்பை இழுத்தார். உள்ளே ஒருவர் ஈரக் காலுறையை உருவிக்கொண்டிருந்தார். “நீங்க இருங்க சார், சைஸ் மட்டும் பாக்கறோம்” என்று தலையை நுழைத்து, மெத்தையை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, “தரை குளுருமா?” என்றும் விசாரித்தார்.

அடுத்து, டென்ட் கயிறு. அவருடைய பையன் தடுக்கி விழுந்தான். அவர் முளைக்குச்சியைப் பிடுங்கியது பொதுநலம் கருதியே. டென்ட் சாய்ந்தது தனி விஷயம்.

பிறகு, பாட்டு. ஒலிமாசு விதிகள் (2000) ஒலிபெருக்கியை இரவு 10 முதல் காலை 6 வரை தடுக்கின்றன. அவர் வந்ததோ மாலை 4 மணிக்கு. ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு இன்னும் ஆறு மணி நேரம் பாக்கி இருந்தது.

முகாம்காரர்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதச் சொல்லி, இருட்டுமுன் கிளம்பச் சொன்னது பெரிய அவமானம். காரணமும் சொன்னார்கள்: 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், கூடாரத்தில் தங்க வந்த பெண் ஒருவர் காட்டு யானை தாக்கி இறந்தார். ராத்திரியில் ஏதாவது என்றால் எத்தனை பேரைத் தேடுவது என்று தெரிய வேண்டுமாம். நம்மவர் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டு, வ்யூ பாயின்ட் தேடிப் பின்பக்கப் புதருக்குள் இறங்கிவிட்டார்.

ஆகவே, போன் பண்ணி நேரம் கேட்டு வருவது, வண்டியை வெளியே நிறுத்துவது, ஆபீஸில் சொல்லிவிட்டு அவர்கள் காட்டும் காலி டென்ட்டை மட்டும் பார்ப்பது, ஆள் இருக்கும் டென்ட்டை விட்டுத் தள்ளி நடப்பது, கேட்டுவிட்டுப் படம் எடுப்பது ஆகிய ஐந்து கொடுமைகளிலிருந்தும் அவருக்கு விலக்களிக்குமாறு வேண்டப்படுகிறது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் கட்டாயம். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் ‘அடுத்தவர் டென்ட்டில் எட்டிப் பார்த்தல்’ என ஒரு கட்டம் சேர்த்தால் இன்னும் வசதி.

இப்படிக்கு,
சும்மா பார்க்க வந்தவர் சார்பில்.

இணைப்பு: இ-பாஸ் நகல் – 1, முளைக்குச்சி – 1 (திருப்பித் தர மறந்தது).